இறுக்குவது பாதி, தளர்த்துவது பாதி: அறுவைசிகிச்சைக்கு முன்னும் பின்னும் இடுப்புத் தளப் பயிற்சி

“கர்ப்பப்பையை எடுத்தாச்சு, தையலும் ஆறிடுச்சு, ஆனா தும்மினா துணி நனையுது.” “புராஸ்டேட் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா நாற்காலியிலிருந்து எழுந்தாலே சொட்டுது.” இப்படித் தயங்கித் தயங்கிச் சொல்கிறவர்களுக்கு வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். “இந்த ஆபரேஷன்னா அப்படித்தான், போகப்போகச் சரியாயிடும்” என்பது ஒன்று. “கெகல் பயிற்சி பண்ணுங்க, சிறுநீரை அடக்குற மாதிரி இறுக்கணும், அவ்வளவுதான்” என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பி மாதக்கணக்கில் வேறு ஏதோ தசையை இறுக்கிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், வெளியே போவதையே குறைத்துக்கொண்டவர்களும் நிறைய.

அவர்களுக்காகவும், அப்படி ஓர் அறுவைசிகிச்சைக்குத் தேதி குறித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உடற்கூறு எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடியில் கட்டிய தூளி

நம் இடுப்பெலும்பு அடிப்பாகம் இல்லாத ஒரு சட்டி மாதிரி. பக்கவாட்டில் எலும்புச் சுவர் உண்டு, கீழே திறப்புதான். வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அந்தத் திறப்பின் வழியாக இறங்கிவிடாமல் எது தாங்குகிறது? முன்பக்கம் அடிவயிற்றின் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டினாற்போல் தசைகள் விரிந்திருக்கின்றன. அந்தத் தசைத் தொகுதிக்குத்தான் இடுப்புத் தளம் என்று பெயர். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கர்ப்பப்பை எல்லாம் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றன.

இது எங்கே இருக்கிறது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிட்டத்துக்கு அடியில் கையை வையுங்கள். இரண்டு பக்கமும் கூர்மையாக ஒவ்வோர் எலும்பு தட்டுப்படும். அந்த இரண்டுக்கும் நடுவில், முன் எலும்புக்கும் வால் எலும்புக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதும் இந்தத் தூளிதான். பிரசவம் பார்த்த பெண்களுக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆண்களுக்கும் இதே தூளி இருக்கிறது, இதே வேலையைத்தான் செய்கிறது.

அந்த வேலை வெறும் தாங்கல் இல்லை. தூளியில் வாசல்கள் உண்டு. சிறுநீர்க் குழாய்க்கு ஒன்று, ஆசனவாய்க்கு ஒன்று, பெண்களுக்குப் பிறப்புறுப்புக்கு இன்னொன்று. சிறுநீர் வாசலையும் மல வாசலையும் சுற்றிச் சுருக்குப் பையின் வாயைக் கயிறு சுற்றியிருப்பதுபோல் வளையத் தசைகள் இருக்கின்றன. இவற்றுக்குச் சுருக்குத் தசை என்று பெயர். கயிற்றை இழுத்தால் பை மூடும், விட்டால் திறக்கும். மூடுவது எவ்வளவு முக்கியமோ, சமயத்தில் திறப்பதும் அவ்வளவு முக்கியம்.

மலக்குடலுக்குப் பின்னால் வளைந்து வந்து அதை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ஒரு தசைவாரும் இங்கே உண்டு. தண்ணீர் போகும் ரப்பர் குழாயை ஓரிடத்தில் மடக்கிப் பிடித்தால் தண்ணீர் நிற்கும் இல்லையா, அதே வேலைதான். மலம் கழிக்க அந்த மடிப்பு நிமிர வேண்டும், அதற்கு அந்த வார் தளர வேண்டும். முக்கி முக்கி உட்காருகிற சிலருக்கு, வெளியேற்ற வேண்டிய நேரத்தில் இந்த வார் தளராமல் இன்னும் இறுகிக்கொள்கிறது. மலச்சிக்கல் என்று சொல்லி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோளாறு குடலில் இல்லாமல் இங்கேதான் இருக்கும்.

ஓர் இருமலுக்குள் என்ன நடக்கிறது

ஒரு நொடி இருமலை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். முதலில் மூச்சை இழுக்கிறோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தடுப்பு மாதிரி இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது. அப்புறம் வயிற்றுத் தசைகள் சட்டென்று இறுகி உள்ளே அமுக்குகின்றன. ஊதிய பலூனை மேலேயும் பக்கவாட்டிலும் அழுத்தினால் அடிப்பக்கம் பிதுங்கும். அதே அழுத்தம் சிறுநீர்ப்பையின் மேலும் விழுகிறது.

நன்றாக இயங்கும் உடம்பில், அந்த அழுத்தம் ஏறுவதற்குச் சற்று முன்பே இடுப்புத் தளம் மேலே எழும்பிச் சுருக்குப் பையின் வாயை மூடிவிடும். நமக்குத் தெரியாமலே நடக்கிற காரியம். அது தாமதமாக நடந்தால் ஒரு சொட்டு வெளியே வந்துவிடும். கவனியுங்கள், இங்கே தசைக்குப் பலம் போதாமல் இருக்கலாம், அல்லது பலம் இருந்தும் நேரம் தவறியிருக்கலாம்.

நேரம்தான் கோளாறு என்றால் அதைப் பழக்கி எடுக்கலாம். இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், இருமுவதற்கு முன்பே தசையை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்வது. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கசிவு உள்ள வயதான பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசியும் அளவு நன்றாகக் குறைந்தது. ஒரு வாரத்தில் தசை ஒன்றும் பெருத்துவிடாது. நேரம் பிடிபட்டதுதான் காரணம். இந்த உத்திக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நாக்’. நம் பேச்சில் ‘நேக்கு’ என்கிறோமே, அதே அர்த்தம்தான்.

மூச்சோடு இதற்கு இருக்கும் உறவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும், இடுப்புத் தளமும் கூடவே மெல்ல இறங்கித் தளரும். மூச்சை விடும்போது இரண்டும் மேலே வரும். அதனால்தான் இந்தப் பயிற்சியைச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் பல சமயம் தசையைத் தொடுவதற்கு முன்னால் மூச்சைச் சரிசெய்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் மேலேயிருந்து அழுத்தம் கூடி, தசை எழும்புவதற்குப் பதில் கீழே தள்ளப்படும்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: இடுப்புத் தளம் ஒரு தூளி. தாங்க வேண்டும், மூட வேண்டும், திறக்க வேண்டும், அதையெல்லாம் சரியான நொடியில் செய்ய வேண்டும்.

எந்நேரமும் இறுக்கினால் என்ன ஆகும்

கையை முஷ்டியாக மடக்கிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அப்படியே வைத்திருங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? சாயங்காலம் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. கை வலிக்கும், நடுங்கும். அந்தக் கைக்குப் பலம் இல்லை என்று சொல்லி இன்னும் இறுக்கப் பயிற்சி கொடுப்பது எவ்வளவு தப்பு!

இடுப்புத் தளத்திலும் இது நடக்கிறது. வலிக்குப் பயந்து, கசிவுக்குப் பயந்து, சிலருக்கு நாள்பட்ட மன அழுத்தத்தில், அந்தத் தசை எந்நேரமும் விறைத்தபடி இருக்கும். சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் சட்டென்று வராது, முழுவதும் போன திருப்தி இருக்காது, உடலுறவு வலிக்கும், வால் எலும்பைச் சுற்றி வலி இருக்கும். இதில் கசிவும் சேர்ந்துகொள்ளலாம், ஏனென்றால் ஏற்கெனவே இறுகியிருக்கும் தசைக்கு இருமலின்போது இன்னும் இறுக இடம் இல்லை. இவர்களுக்கு முதல் சிகிச்சை தளர்த்தப் பழகுவது. எடுத்த எடுப்பில் இறுக்கும் பயிற்சி கொடுத்தால் வலி கூடும்.

இறுக்கும் பயிற்சியைப் பிரபலமாக்கியவர் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். 1948-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் “இறுக்குங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை என்பது முக்கியம். தசை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் ஒரு கருவியை வைத்து, நோயாளி முள்ளைப் பார்த்துக்கொண்டே பழகும்படி செய்தார். அந்தக் கருவியும் கூட இருந்து பார்க்கும் ஆளும் மறைந்து, பயிற்சியின் பெயர் மட்டும் வாய்வழியாகப் பரவியதில்தான் குழப்பமே வந்தது. 1991-ல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்வார்த்தையாக மட்டும் சொல்லிக்கொடுத்துப் பரிசோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர்தான். நாலில் ஒருவர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கினார்கள், அதாவது கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தசையை யாரும் சரிபார்க்காமல் பழகினால் அப்படித்தான் ஆகும்.

அறுவைசிகிச்சை எதை மாற்றுகிறது

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டில் ஆரம்பிக்கிறேன், இங்கே காரணம் மிகத் தெளிவாகத் தெரியும். ஆண்களின் சிறுநீர்ப் பாதையில் இரண்டு பூட்டுகள். சிறுநீர்ப்பையின் கழுத்தில் உள்ளது தானாக இயங்கும் பூட்டு, நம் கட்டுப்பாட்டில் இல்லை. புராஸ்டேட் சுரப்பிக்குக் கீழே உள்ளது நாம் நினைத்தால் இறுக்கக்கூடிய பூட்டு. புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுக்கும்போது மேல் பூட்டு பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. இத்தனை வருஷம் மேல் பூட்டின் தயவில் நிம்மதியாக இருந்த கீழ்ப் பூட்டுக்கு, ஒரே நாளில் முழுப் பொறுப்பும் வந்து சேர்கிறது. எழுந்து நிற்கும்போதும் பொருளைத் தூக்கும்போதும் சொட்டுவது இதனால்தான். வீக்கத்துக்காகச் சுரப்பியின் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுக்கும் சிகிச்சை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, “பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்தில் சரியாயிடுச்சே” என்று ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுக்கும்போது உறுப்புகளைத் தாங்கும் இழைகளும் சுற்றியுள்ள நரம்புகளும் ஓரளவு பாதிக்கப்படலாம். அடி இறங்கியதற்காக, அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிந்ததற்காகச் செய்யும் சிகிச்சையில் இறங்கிய உறுப்பைத் தூக்கித் தைக்கிறார்கள். தூளியின் தசை பழைய பலத்தில்தான் இருக்கும், அதைத் தையல் மாற்றாது. மலக்குடலின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு மலத்தைத் தேக்கி வைக்கும் இடமே குறைந்துவிடுகிறது. அவசரமும் அடிக்கடி போகும் உணர்வும் வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். சிசேரியன் ஆனவர்கள் தங்களுக்கு இது சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் பத்து மாதம் பாரம் சுமந்தது அதே தூளிதான்.

எல்லா அறுவைசிகிச்சைக்கும் பொதுவான ஒன்றும் உண்டு. வெட்டுப்பட்ட இடத்தைக் காப்பாற்ற உடம்பு சுற்றியுள்ள தசைகளை விறைக்க வைக்கும். அங்கே மரத்துப்போன உணர்வும் கொஞ்ச காலம் இருக்கலாம்.

முன்கூட்டியே ஏன் பழக வேண்டும்

கரண்ட் போவதற்கு முன்னால் டார்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது போலத்தான். வலி இல்லாதபோது, உணர்வு முழுதாக இருக்கும்போது, அந்தத் தசை எங்கே, இறுகினால் எப்படி, தளர்ந்தால் எப்படி என்று தெரிந்துகொள்வது சுலபம். வெட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் முதன்முறையாகத் தேடினால் கஷ்டம்.

பிசியோதெரபிஸ்டுடனான முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்ற பயத்திலேயே பலர் போவதில்லை, அதனால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் பேச்சுதான். எத்தனை தடவை சிறுநீர் போகிறது, இரவில் எழுந்திருக்கிறீர்களா, மலம் எப்படி, வலி எங்கே என்று கேட்பார். அப்புறம் நீங்கள் மூச்சு விடுவதையும் நிற்பதையும் வயிறு அசைவதையும் பார்ப்பார். தசையை நேரடியாகச் சோதிக்க வேண்டுமென்றால் கையுறை போட்ட ஒரு விரலைப் பிறப்புறுப்பினுள் அல்லது ஆசனவாயினுள் வைத்து, “இறுக்குங்க, விடுங்க” என்பார். பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது, விட்டதும் முழுதாகத் தளர்கிறதா என்றும் பார்ப்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனை கிடையாது. வேண்டாம் என்றால் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியை வைத்தோ, வெளியில் ஒட்டும் உணரிகளை வைத்தோ பார்க்க வழி இருக்கிறது. பாதியில் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

தசைப் பயிற்சியோடு அன்றாடக் காரியங்கள் சிலவும் சொல்லித்தருவார்கள், அவையும் அதே அளவு முக்கியம். நேராக எழாமல் ஒருபக்கம் புரண்டு, கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழுவது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது. கழிப்பறை இருக்கையில் உட்காரும்போது காலுக்குக் கீழே சிறு பலகை வைத்து முட்டியை இடுப்புக்கு மேலே கொண்டுவருவது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்: அந்த ரப்பர் குழாய் மடிப்பு நிமிர வேண்டும்.

இதனால் எவ்வளவு பலன்? நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது. புராஸ்டேட்டை எடுத்தவர்களில், முன்கூட்டியே பழகியவர்கள் முதல் சில மாதங்களில் சீக்கிரம் கட்டுப்பாட்டுக்கு வந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வருஷம் ஆகும்போது பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அடி இறக்கத்துக்கான சிகிச்சையில் 374 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014-ல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைசிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த பயிற்சியால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே எல்லோருக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் இது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதல் சில மாதங்களை அனுபவிக்கிறவருக்கு அவை சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே கசிவோ வலியோ மலச்சிக்கலோ இருப்பவர்கள் கட்டாயம் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

சரியான தசையைக் கண்டுபிடிப்பது

முட்டியை மடக்கி மல்லாந்து படுங்கள். ஒரு கை வயிற்றின்மேல். மெதுவாக மூச்சை இழுங்கள், அடியில் எல்லாம் இளகுவதாக நினையுங்கள். மூச்சை விடும்போது, காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை உள்ளே மேலே இழுங்கள், அதை அப்படியே முன்பக்கம் சிறுநீர் வாசல் வரை கொண்டுவாருங்கள். ஆண்களுக்கு ஆணுறுப்பு லேசாக உள்ளிழுக்கப்படுவதும் விதைகள் சற்று மேலே எழுவதும் தெரியும். சில நொடி வைத்திருந்து, முழுதாக விடுங்கள். இறுக்கிய நேரம் அளவுக்காவது தளர்த்திய நேரமும் இருக்க வேண்டும்.

கை வைத்த வயிறு வெளியே தள்ளினாலோ, பிட்டமும் தொடையும் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ, வேறு தசைதான் வேலை செய்கிறது. பாதி பலத்தில் சரியான தசை அசைவது, முழு பலத்தில் தப்பான தசை அசைவதைவிட எவ்வளவோ மேல். சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது இடத்தை அடையாளம் காண ஒரு தடவை போதும். அதையே தினசரிப் பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத பழக்கம் வந்துவிடலாம்.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு

சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கும் வரை இறுக்கும் பயிற்சி கூடாது. டியூப்பைச் சுற்றித் தசை இறுகினால் எரிச்சலும் சிறுநீர்ப்பைப் பிடிப்பும் வரும். அந்த நாட்களில் மெதுவான வயிற்று மூச்சும் கொஞ்சம் நடையும் போதும். டியூப்பை எடுத்த பிறகு, அறுவைசிகிச்சை செய்த மருத்துவர் சரி என்றதும் சிறியதாக ஆரம்பிக்கலாம்.

முதல் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். எந்தச் சிகிச்சை, எப்படிச் செய்தது என்பதைப் பொறுத்து இது மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. மலத்துக்கு முக்குவதும் பாரம் தூக்குவது மாதிரிதான் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

எத்தனை தடவை செய்வது? இருமினால் தும்மினால் கசியும் பெண்களுக்கு இங்கிலாந்தின் வழிகாட்டு நெறி சொல்வது: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 இறுக்கம், நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம், ஒருவரின் மேற்பார்வையில். மூன்று மாதம் எதற்கு என்றால், முதல் சில வாரங்களில் நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்புதான் மேம்படும், தசையே பலப்பட அதற்குப் பிறகும் காலம் பிடிக்கும். இரண்டாவது வாரத்தில் “ஒண்ணும் தெரியல” என்று விட்டுவிடுகிறவர்கள், தெரிய ஆரம்பிக்கும் முன்பே விட்டுவிடுகிறார்கள். தளர்த்துவதுதான் தேவை என்றானவர்களுக்கு இந்த எண்ணிக்கை பொருந்தாது.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலும் அவசரமும் கூடும், மலமும் இறுகும். “எதுக்கும் ஒரு தடவை போயிடலாம்” என்று வரும் முன்பே அடிக்கடி போவதும் நல்லதில்லை, கொஞ்சம் நிறைந்ததுமே அவசரமாக அழைக்கச் சிறுநீர்ப்பை பழகிவிடும்.

காய்ச்சல், காயத்தில் சீழ், அதிக ரத்தப்போக்கு, சிறுநீர் அடைத்துக்கொள்வது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பயிற்சி செய்யச் செய்ய வலி கூடினால் அது அவசரம் இல்லை, ஆனால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள். பெரும்பாலும் தசை தளராததுதான் காரணமாக இருக்கும்.

தேறுவது எப்படித் தெரியும்

புராஸ்டேட் எடுத்தவர்களுக்கு இது பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். முதலில் இரவு காயும், படுத்திருக்கும்போது அழுத்தம் குறைவு. அப்புறம் காலை நேரம். சாயங்காலம்தான் கடைசி, ஏனென்றால் பகல் முழுவதும் உழைத்த அந்தக் கீழ்ப் பூட்டு அப்போது களைத்துப்போயிருக்கும். காலையில் காய்ந்திருந்த துணி மாலை ஐந்து மணிக்கு நனைந்ததும் “மறுபடி பழையபடி ஆயிடுச்சு” என்று மனம் உடைகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஆகவில்லை, நாளின் முடிவில் தசை சோர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் கூடுதலாக இறுக்கிப் பார்க்காமல், பத்து நிமிடம் காலை நீட்டிப் படுத்துவிட்டு எழுந்திருங்கள். எத்தனை பேட் மாற்றினீர்கள், எந்த நேரத்தில் என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். நாளுக்கு நாள் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, இந்த வாரத்துத் தாளைப் போன மாதத்துத் தாளோடு வைத்துப் பாருங்கள்.